மீட்டர் சிவந்தால் எதைக் குறைப்பது?

கேள்வி: வீட்டில் மடிக்கணினியில் எலெக்ட்ரானிக் இசை அமைத்து வருகிறேன். கிக்கும் (டிரம்மின் கனத்த அடி) பேஸும் (தாழ்ந்த சுருதி ஒலி) சேர்ந்து ஒலிக்கும் இடத்தில், மொத்த ஒலியளவைக் காட்டும் மாஸ்டர் மீட்டர் சிவந்துவிடுகிறது. உச்சத்தை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டரைப் போட்டால் சிவப்பு மறைகிறது. ஆனால் கிக்கின் அடி மழுங்கிவிடுகிறது. என் அறையில் கனமாகக் கேட்கும் பேஸ், நண்பரின் காரில் மெலிந்து போகிறது. எங்கே தவறுகிறேன்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: லிமிட்டரை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஒலியின் அளவையும் ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் எல்லாவற்றையும் அடிவரை இறக்குங்கள். முதலில் கிக்கை மட்டும் ஏற்றி, அதன் உச்சம் மாஸ்டர் மீட்டரில் மைனஸ் 10 டெசிபலில் நிற்குமாறு வைத்தபின் அதைத் தொடாதீர்கள். மற்ற ஒலிகளெல்லாம் அதை அனுசரித்தே தத்தம் அளவைப் பெறட்டும். மைனஸ் 8 வைத்தாலும் குடிமுழுகிப் போய்விடாது, மேலே இடம் மிஞ்சினால் போதும்.

டிஜிட்டல் மீட்டரில் 0 என்பதே கூரை. ஒரே அளவுள்ள இரண்டு அலைகள் ஒத்த நிலையில் கூடினால் ஒலி 6 டெசிபல் உயரும். மைனஸ் 10இல் உள்ள கிக்கின் மீது அதே மைனஸ் 10இல் உள்ள பேஸ் வந்து விழுந்தால் உச்சம் மைனஸ் 4 வரை போகலாம். ஹைஹேட், பேட், லீட் போன்ற மற்ற ஒலிகளெல்லாம் மிச்சமுள்ள அந்த நான்கு டெசிபலுக்குள் அடங்கியாக வேண்டும். எனவே பேஸைக் கிக்குக்குச் சற்றுக் கீழே வைத்து, சைட்செயின் கம்ப்ரெஸர் மூலம் கிக் விழும் கணத்தில் மட்டும் பேஸ் நான்கைந்து டெசிபல் தணிந்து எழும்படி செய்யுங்கள். அடியின் கூர்மை திரும்பிவிடும். எதையாவது உயர்த்தக் கை துடிக்கும்போதெல்லாம், அதை மறைக்கும் மற்றொன்றைக் குறைத்துப் பாருங்கள். அளவைக் குறைத்தால் தரம் கெடுமோ என்ற அச்சம் வேண்டாம். 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையிலான வீச்சு ஏறத்தாழ 144 டெசிபல்.

காரில் பேஸ் மெலிவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் அறையும் காதும்தான். ஒலி குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களை மற்றவற்றைவிட வேகமாக இழக்கிறது என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டினார்கள். உரக்க வைத்து மிக்ஸ் செய்பவருக்குப் பேஸ் ஏற்கெனவே போதுமானதாகத் தோன்றும். ஸ்பீக்கர் சுவர் மூலையில் இருந்தால் அந்த மயக்கம் இரட்டிப்பாகும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தி, எதிரில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவில் ஒலியை வைத்து, அந்த இடத்தைக் குமிழில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த, முறையாக வெளியான ஒரு பாடலையும் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். அது மாஸ்டர் செய்யப்பட்டு, அதாவது வெளியீட்டுக்கான இறுதி மெருகு பெற்று, உரத்திருக்கும் என்பதால், உங்கள் மிக்ஸின் அளவுக்கு அதை இறக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

லிமிட்டரைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம், அதுவும் அளவாக. ஸ்பாட்டிஃபை தன் வழக்கமான அமைப்பில் பாடல்களை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காது உணரும் உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன் செய்வதால், நீங்கள் மைனஸ் 8 வரை நசுக்கி அனுப்பினாலும் அது 6 டெசிபல் இறக்கித்தான் ஒலிபரப்பும்.