பம்பில் மங்கும் ஹாலோபெரிடால், ஊசியில் ஏறுவது ஏன்?

கேள்வி: எலிகளுக்கு மனநோய் மருந்தான ஹாலோபெரிடால் நாளொன்றுக்கு 0.5 மி.கி./கி.கி. தருகிறோம். தோலுக்கடியில் ஆஸ்மோட்டிக் பம்ப் (மருந்தைச் சிறிது சிறிதாக இடைவிடாமல் விடும் சிறு குழாய்) வைத்த குழுவில் இரண்டாம் வாரமே மருந்தின் விளைவு மங்கிவிட்டது. தினமும் ஊசி போடும் குழுவில் அது நாளுக்கு நாள் கூடுகிறது. பம்ப் பழுதா?

பதில்: பழுதாக இருக்கலாம், ஆனால் இப்படி நடப்பது எதிர்பார்க்க வேண்டியதுதான். எலியின் உடலில் ஹாலோபெரிடாலின் அரைவாழ்வுக் காலம் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) ஏறக்குறைய 1.5 மணி நேரம். காலை 10 மணிக்குப் போட்ட மருந்து இரவு 10 மணிக்குள் 256-ல் ஒரு பங்காகிவிடும். மனிதரில் அது 12 முதல் 36 மணி நேரம் என்பதால் அடுத்த மாத்திரை வரை தாக்குப்பிடிக்கும். ஆக, தினம் ஒரு ஊசி என்பது எலிக்குத் தினமும் மருந்தை நிறுத்தி மறுபடி தொடங்குவது.

பம்ப் டி2 ஏற்பிகளை (மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் பற்றிக்கொள்ளும் இடங்கள்) இடைவிடாமல் அடைத்து வைக்கிறது. மூளை அதற்கு ஈடாக ஏற்பிகளைப் பெருக்கி, டோபமைனுக்குக் கூடுதலாகத் துடிக்கத் தொடங்குகிறது. டொராண்டோவில் சமஹா, சீமன், கபூர் குழுவினர் 2007-இல் காட்டியது இதைத்தான்: ஏற்பிகள் போதுமான அளவு அடைபட்டிருந்தும் விளைவு போய்விடுகிறது.

ஊசிக் குழுவின் ஏற்றத்தில் ஒரு பகுதி சந்தேகத்துக்குரியது. தினமும் ஊசி போட்டு அதே கம்பியில் முன்கால்களை வைத்து விறைப்பை (வைத்த நிலையிலேயே அசையாமல் இருப்பது) சோதித்தால், எலி அந்த இடத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்கிறது. சொந்தக் கூண்டில் மட்டும் ஊசி போட்டு, கடைசி நாள் மட்டும் சோதிக்கும் ஒரு குழு கட்டாயம் வேண்டும். மருந்தும் முக்கியம்: தவிர்ப்புச் சோதனையில் (எச்சரிக்கைக் குறி வந்ததும் எலி நகர்ந்து அதிர்ச்சியைத் தவிர்க்கிறதா என்று பார்ப்பது) இதே வகை மருந்துகளை விட்டுவிட்டுக் கொடுத்தால் ஒலான்சபினின் விளைவு கூடும், க்ளோசபினின் விளைவு குறையும்.

இன்னொரு சிக்கல், 0.5-ஐ இரண்டு வழியிலும் சமமாக எடுத்தது. ஒரே ஊசியாகப் போட்டால் உச்சத்தில் ஏற்பி அடைப்பு 80 சதவீதத்தைத் தாண்டி விறைப்பு வந்துவிடும். ஊசிக்கு 0.05 மி.கி./கி.கி. அளவில் தொடங்குங்கள்.

இனி பம்ப். மணிக்கு 5 மைக்ரோலிட்டர் விடும் 2 மி.லி. பம்ப் என்றால் நாளுக்கு 120 மைக்ரோலிட்டர். 300 கிராம் எலிக்கு 0.15 மி.கி. தேவை, எனவே கரைசல் 1.25 மி.கி./மி.லி. ஹாலோபெரிடால் வெறும் நீரில் சரியாகக் கரையாது. சிறிது அசெட்டிக் அமிலத்தில் கரைத்து, பிஎச்சை 5 அருகே நிறுத்துங்கள். அதற்கு மேல் ஏற்றினால் மருந்து வெள்ளையாகப் படிந்து பம்பின் வாயை அடைக்கும். வைக்கும் முன் இரவு முழுக்க 37 டிகிரி உப்புநீரில் ஊறவிடுங்கள். 14-ஆம் நாள் எடுத்து மிச்சத்தை ஊசிக்குழலில் உறிஞ்சி அளந்தால் 0.3 மி.லி. அளவில் இருக்க வேண்டும். 1 மி.லி.க்கு மேல் இருந்தால் உங்கள் 'தாங்குதிறன்' (மருந்து பழகி விளைவு மங்குவது) வெறும் பம்ப் அடைப்பு. எலி இடையில் 350 கிராம் ஆகியிருந்தால் உண்மையான அளவு 0.43-தான், அதையும் கணக்கில் சேருங்கள்.

குடிநீரில் கலந்து தரலாமா என்று யோசிக்காதீர்கள். எலிகள் பெரும்பாலும் இரவில்தான் குடிக்கும், பகலில் அளவு சரிந்துவிடும்.