செல் உயிரியல் படிக்க ஆசைப்படும் மகளும் தயங்கும் அப்பாவும்

ஏற்காட்டிலிருந்து எழுதிய ஐயாவுக்கு வணக்கம்.

“வயிற்றில் ஆசிட் சுரப்பதைப் படித்து என் பெண்ணுக்கு என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீட்டில் மதிப்பெண் போதவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போகச் சொல்கிறீர்கள், அவளோ செல் உயிரியல்தான் வேண்டும் என்கிறாள். வேலை இருக்கட்டும், முதலில் அவளை இழுப்பது என்ன என்று சொல்கிறேன்.

இரைப்பையின் உள்சுவரில் அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்கள் இருக்கின்றன. அமிலத்தை வெளியேற்றும் புரோட்டான் பம்புகள், சாப்பாடு இல்லாத நேரத்தில் இந்தச் செல்லுக்குள்ளே சின்னச் சின்னச் சவ்வுப் பைகளில் அடங்கிக் கிடக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் ஹிஸ்டமின், காஸ்ட்ரின், அசிட்டைல்கோலின் என்ற மூன்று வேதிப்பொருட்களும் செல்லைத் தூண்டுகின்றன. பைகள் இரைப்பைப் பக்கத்துச் சவ்வோடு இணைகின்றன, பம்புகள் வேலைக்கு வந்துவிடுகின்றன. சவ்வின் பரப்பு பல மடங்கு பெருகிவிடுகிறதே, அதைத் தாங்குவது எது? செல்லின் சட்டகம்தான். ஆக்டின் என்ற புரத இழைகள் கட்டுக்கட்டாக நின்று, விசேஷத்துக்கு நட்ட பந்தல்கால் மாதிரி, சவ்வை மைக்ரோவில்லை எனும் குட்டி விரல்களாக நீட்டிப் பிடிக்கின்றன. அந்த இழைகளைச் சவ்வோடு சேர்த்துக் கட்டும் புரதத்தின் பெயர் எஸ்ரின். எஸ்ரின் மிகவும் குறைந்துபோன எலிகளுக்கு அமிலச் சுரப்பே கெட்டுப்போனதை 2005-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

மெடிக்கலில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை வாங்கினால் “சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடுங்க” என்கிறார்கள் அல்லவா? வெளியே வந்து ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அந்த மருந்து முடக்கும், அதனால்தான். உங்கள் மகள் கேட்கும் கேள்வி மருந்துக் கடை வரைக்கும் வந்து நிற்கிறது ஐயா. அதை வீண் படிப்பு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

சரி, வழி. சேலத்திலேயே பி.எஸ்சி. உயிர்வேதியியலோ உயிரித் தொழில்நுட்பமோ சேரலாம். எம்.எஸ்சி.க்குப் பெரியார் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. எம்.எஸ்சி.க்கான ஜாம், கேட்-பி (GAT-B) நுழைவுத் தேர்வுகள் எழுதினால் ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்களின் கதவும் திறக்கும். ஐசர் (IISER) எனும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். படிக்க ஐ.ஏ.டி. (IAT) நுழைவுத் தேர்வு இருக்கிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முயலச் சொல்வேன்.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.எஸ்சி.யோடு ஆராய்ச்சி வேலை கிடைப்பது கஷ்டம். பி.எஸ்சி.யில் தொடங்கி பிஎச்.டி. முடிய ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். ஆனால் அத்தனை வருடமும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி வாங்கினால் பிஎச்.டி. செய்யும்போது மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை வரும். நடுவில் போதும் என்று தோன்றினால் எம்.எஸ்சி.யோடு நிறுத்தி, மருந்து கம்பெனிகளில் தரக்கட்டுப்பாடு, கிளினிக்கல் ரிசர்ச் பக்கம் போகலாம். பி.எட். முடித்து ஆசிரியராகவும் ஆகலாம்.

டாக்டர் ஆக வேண்டும் என்று அவளே தவிக்கிறாள் என்றால் கோச்சிங்குக்கு அனுப்புங்கள். உங்கள் ஆசைக்காக மட்டும் ஒரு வருடத்தைக் கேட்காதீர்கள், அது பிள்ளைகளை உள்ளுக்குள் ஒடுக்கிவிடுகிறது.

பிளஸ் டூவில் அவள் எந்த குரூப் என்று நீங்கள் எழுதவில்லை. ஐ.ஏ.டி.யிலும் ஜாம் பயோடெக்னாலஜி தாளிலும் கணிதக் கேள்விகள் வரும். கணிதம் இல்லாத ப்யூர் சயின்ஸ் குரூப் என்றால் இப்போதிருந்தே பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை மலையிறங்கி வரும்போது அவளையும் மார்க் ஷீட்டோடு கூட்டி வாருங்கள்.