பாங்காக்கா, க்ருங் தேப்பா?

கேள்வி: பாங்காக்கில் இறங்கி வட தாய்லாந்தின் சியாங் மாய் போய்த் திரும்புகிறோம். விமான டிக்கெட்டில் 'பாங்காக்' என்றிருக்கிறது. அங்குள்ள நண்பரோ 'க்ருங் தேப்' என்கிறார். இரண்டும் ஒரே ஊரா? படிவத்தில் எதை எழுதுவது?

பதில்: ஒரே ஊர்தான். ஆங்கிலப் படிவம் எதிலும் பாங்காக் என்றே எழுதுங்கள். 2022இல் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்று ஒரு செய்தி பரவியது. ஆங்கிலத்தில் இரு பெயர்களையும் சேர்த்து எழுதும் முறையில் சின்ன மாற்றம், அவ்வளவுதான். பாங்காக் இன்றும் செல்லும்.

பாங்காக் பழைய ஆற்றங்கரைக் குடியிருப்பின் பெயர். 'பாங்' என்றால் நீர்க்கரை ஊர். 'மகோக்' ஒரு புளிப்புக் காய் மரம். அதிலிருந்து வந்தது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். இன்று வாட் அருண் எனப்படும் கோயிலுக்கும் முன்பு வாட் மகோக் என்றுதான் பெயர்.

1782இல் மன்னர் முதலாம் ராமா ஆற்றின் எதிர்க்கரையில் தலைநகர் அமைத்துப் புதுப்பெயர் சூட்டினார். அதன் தொடக்கம்தான் 'க்ருங் தேப் மகா நகோன்'. க்ருங் என்றால் தலைநகர். மற்றதைப் படிக்க இரண்டு சூத்திரங்கள் போதும். தாய்லாந்து மொழிக்குப் போன வடசொற்களில் 'வ' பல இடங்களில் 'ப' ஆகிவிடும்: தேவ, தேப் ஆனது. சொல்லின் கடைசி 'ர', 'ன்' என்று ஒலிக்கும்: நகர, நகோன் ஆனது. ஆக, தேவர்களின் தலைநகர், மாநகர். முழுப்பெயர் ஆங்கில எழுத்தில் எழுதினால் 168 எழுத்துகள்! உலகின் மிக நீளமான இடப்பெயர் என்று கின்னஸில் பதிவானது. அதற்குள் 'அமோன்' வருகிறது, அது நம் அமரர். 'நொப்பரத்' நவரத்தினம், 'பிமான்' விமானம். 'யுத்தயா' வேறெதுவுமில்லை, அயோத்திதான். இந்திரன் அளித்து விஸ்வகர்மா கட்டிய நகரம் என்று முடிகிறது. முதன்முதலில் இதைப் பிரித்துப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சரி, பயணத்துக்கு வருவோம். சியாங் மாயில் ரயிலோ பஸ்ஸோ விசாரிக்கும்போது 'க்ருங் தேப்' என்று கேளுங்கள். பேச்சுவழக்கில் 'ர' தேய்ந்து 'குங் தேப்' என்றும் காதில் விழும், குழம்ப வேண்டாம். அப்புறம், பாங்காக் டாக்சியின் நம்பர் பிளேட்டில் எண்ணுக்குக் கீழே தாய்லாந்து எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது க்ருங் தேப் மகா நகோன்.