செக்கிங் டேபிளிலிருந்து தூக்கிவிட்டது தப்பா?

கேள்வி: திருப்பூரில் 28 பேரை வைத்து பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். செக்கிங்கில் ஒன்பது வருடமாக இருந்த பெண்ணுக்கு அபாரமான கண். அந்த மரியாதைக்காகத்தான் ஆறு மாதம் முன்பு சூப்பர்வைசர் ஆக்கினேன். இப்போது லைனில் யாரும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடமிருந்து பீஸ் திரும்பி வருவதும் கூடிவிட்டது. போன வாரம், “அக்கா, நான் பழைய டேபிளுக்கே போயிடட்டுங்களா?” என்று அழுதுவிட்டார். ஆன்லைனில் திறமையைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட் இருக்கிறது, எல்லாருக்கும் வைக்கலாம் என்கிறான் என் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: அவர் பழைய டேபிளுக்கே போகட்டும், விடுங்கள். நீங்கள் ஒரு சூப்பர்வைசரைச் சேர்க்கவில்லை, நல்ல செக்கரை இழந்துவிட்டீர்கள். பீஸ் திரும்பி வருவதில் பாதிக் கதை அதுதான்.

டியூப் லைட் வெளிச்சத்தில் பீஸை உதறி, உள்ளே கைவிட்டுத் திருப்பி, தோள் தையலை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, “கைக்கும் பாடிக்கும் ஷேட் ஒத்துவரலைங்க” என்று சொல்கிற கண் லேசில் அமையாது. ஆனால் அந்தக் கண்ணுக்கும், சாயங்காலம் ஆறு மணிக்கு இன்னும் அரை ஷிப்ட் இருங்கள் என்று டெய்லர்களை இருக்கவைக்கிற வாய்க்கும் சம்பந்தமே கிடையாது. ஒரு காலத்தில் நான் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்தவள். நன்றாகப் பார்க்கிறேன் என்று வசூலுக்கு அனுப்பினார்கள். ஒரு ரூபாய் வசூலாகவில்லை, பிழைகள் மட்டும் ஜோராக அச்சேறின.

மகன் சொல்லும் டெஸ்ட் எது என்று எழுதவில்லை. பிரபலமானது அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கிளிஃப்டன் உருவாக்கியது. 177 ஜோடி வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விநாடி. முடிவில் 34 குணங்களில் எவை உங்களிடம் ஓங்கியிருக்கின்றன என்று சொல்லும். ஆபீஸில் உட்காருபவர்களுக்குச் சரி. 28 பேரும் உங்கள் கண்ணெதிரே இருக்கும்போது எதற்கு? ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். சிக்கல் வந்தால் யாரிடம் யார் போய்க் கேட்கிறார்கள்? ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெக்கானிக்குக்கு முன்னால் எந்த டெய்லரைக் கூப்பிடுகிறார்கள்? எந்த பீஸ் கட்டு எங்கே நிற்கிறது என்று சீட்டைப் பார்க்காமல் சொல்கிற, டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கும் பெண் கட்டாயம் ஒருத்தி இருப்பாள். உங்கள் சூப்பர்வைசர் அவளாகக்கூட இருக்கலாம். அவளிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கைக்கு வருகிற வேலை எல்லாம் மனசுக்குப் பிடித்த வேலையாக இருப்பதில்லை.

ஆளை மாற்றும்போது பீஸ் ரேட், அதாவது தைத்த பீஸ் கணக்குக்குக் கூலி, குறுக்கே வரும். சாதா தையல் போடும் சிங்கர் மெஷினில் இருப்பவரை, மடித்துத் தைக்கும் பேட்லாக் மெஷினில் உட்காரவைத்தால் கை பழகும்வரை பீஸ் இறங்காது, அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அந்த நாட்களுக்கு ஷிப்ட் கூலி கொடுங்கள்.

இன்னொன்று, முதலாளிகளுக்குக் கசக்கும். திறமைசாலி என்று பெயர் வாங்கியவர் தலையில்தான் எல்லா அவசர வேலையும் விழுகிறது. கூலி மட்டும் அதேதான். அவருக்கு அது பாராட்டாகப் படாது, தண்டனையாகத்தான் படும்.

இந்தப் பெண்ணுக்கு சூப்பர்வைசர் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். டேபிளில் புதிதாக வரும் இரண்டு பேருக்குப் பழக்கிவிடும் பொறுப்பையும், சந்தேகமான லாட்டை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் கொடுங்கள். நாளைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். சம்பள விஷயத்தை முதலில் சொல்லுங்கள், டேபிளை அப்புறம்.