சொட்டுநீர்ப் பம்பு: மின்னழுத்தத்தைக் குறைத்து மெதுவாக ஓட்டலாமா?

கேள்வி: மலேசியாவின் நிபோங் திபாலில் அரை ஏக்கரில் வெண்டையும் கீரையும் போட்டிருக்கிறேன். நாற்றங்காலுக்கு 24 வோல்ட் டிசி பம்பு ஒன்றை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுகிறேன். மெதுவாக ஓடினாலும் இதுவரை கெடவில்லை. வாய்க்கால் ஓரத்தில் 1 எச்.பி. சிங்கிள் பேஸ் பம்பு இருக்கிறது. வீட்டிலிருந்து 80 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் வயர். சொட்டுநீர்க் குழாய்க்கு அதன் அழுத்தம் அதிகம். காற்றாடி ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா? சாயங்காலத்தில் சில நாள் இரைச்சல் மட்டும் வருகிறது, மோட்டார் சுற்றுவதில்லை.

பதில்: ரெகுலேட்டர் வேண்டாம் ஐயா. உங்கள் இரண்டு பம்பும் தண்ணீர்தான் இறைக்கின்றன, ஆனால் மோட்டார் ரகம் வேறு.

கார்பன் பிரஷ் உள்ள டிசி மோட்டாரில் வேகம் மின்னழுத்தத்தோடு ஏறி இறங்கும். பாதி வோல்ட் கொடுத்தால் ஏறத்தாழ பாதி வேகம். சுழல் சக்கரத்தால் தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் பம்பாக இருந்தால் சுமையும் குறைவதால் ஆம்பியர் இறங்கிவிடும், சூடேறாது. ஆனால் தண்ணீர் ஏறும் உயரம் கால் பங்காகிவிடும். 24 வோல்ட்டில் 6 மீட்டர் ஏற்றுவது 12 வோல்ட்டில் ஒன்றரை மீட்டர்தான் ஏற்றும். தொட்டி 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் மோட்டார் சுற்றும், தண்ணீர் வராது. சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும், மருந்தடிக்கும் டயாஃப்ரம் பம்பில் உயரம் அப்படிக் குறையாது, வரும் அளவுதான் பாதியாகும். ஆனால் நாசில் அடைத்து அழுத்தம் ஏறினால், குறைந்த வோல்ட்டில் மோட்டார் திணறி நின்றுவிடலாம். நின்ற மோட்டாருக்குள் போகும் மின்சாரம் முழுக்கச் சூடாகத்தான் மாறும். ஆகவே ஃபியூஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள். ஈய அமில பேட்டரி, பம்பு ஓடும்போது 10.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடாதீர்கள்.

வாய்க்கால் பம்பில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதன் வேகத்தை முடிவு செய்வது 50 ஹெர்ட்ஸ் அலைவெண், வோல்ட் அல்ல. வோல்ட்டைக் குறைத்தாலும் அது பழைய வேகத்திலேயே ஓடப் பார்க்கும். முறுக்கு விசையோ மின்னழுத்தத்தின் வர்க்கப்படி விழும்: 230 இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் 68 விழுக்காடு விசைதான் மிஞ்சும். அதே சுமையை இழுக்க ஆம்பியர் கூடும், சுருள் சூடேறும். கூரைக் காற்றாடி மட்டும் ரெகுலேட்டருக்கு அடங்குகிறதே என்று கேட்பீர்கள். அதன் மோட்டார் அலைவெண் சொல்லும் வேகத்துக்குப் பின்தங்கி, வழுக்கிச் சுற்றுவதற்கென்றே செய்தது, சுமையும் சொற்பம். பம்பு மோட்டாரில் தொடக்கச் சுருளுக்குத் தானியங்கி சுவிட்ச் இருந்தால் இன்னும் மோசம். முழு வேகத்தின் முக்கால் பங்கை எட்டினால்தான் அது துண்டிக்கும். எட்டாவிட்டால், சில வினாடிக்கென்று செய்த சுருள் நிமிடக்கணக்கில் ஓடிக் கருகும்.

இனி சாயங்கால இரைச்சல். நான் முதலில் சந்தேகப்படுவது வயரைத்தான். 1.5 செம்பு வயரின் மின்தடை கிலோமீட்டருக்கு 12.1 ஓம். போக வர 160 மீட்டருக்கு 1.94 ஓம். ஓடும்போது 5 ஆம்பியருக்கு 10 வோல்ட்டுக்குள்தான் இழப்பு, தெரியாது. கிளம்பும்போது மோட்டார் நான்கைந்து மடங்கு இழுக்கப் பார்க்கும். வோல்ட் விழுவதால் அவ்வளவும் இழுக்காது, ஆனாலும் மோட்டாருக்குப் போய்ச் சேருவதில் 30 வோல்ட் போலக் குறைந்துவிடும். மலேசியாவில் விநியோகம் 230 வோல்ட், கீழே 6 விழுக்காடு வரை, அதாவது 216 வரை இறங்கலாம். சாயங்காலம் வீட்டிலேயே 216 என்றால் மோட்டாருக்கு 186 போலத்தான் கிடைக்கும், விசையில் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 4 சதுர மில்லிமீட்டர் வயருக்கு மாற்றினால் கிளம்பும்போது இழப்பு 13 வோல்ட்டோடு நிற்கும். 2.5-க்கு மாற்றினால் 20 போல. 80 மீட்டருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயர் வாங்குமுன் வயர்மேனை வைத்து, மோட்டார் கிளம்பும் நொடியில் வீட்டு டிபியிலும் (மின் பகிர்வுப் பெட்டி) மோட்டார் முனையிலும் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே 216-க்குக் கீழ் என்றால் மின்சார நிறுவனமான தெனாகாவிடம் புகார் கொடுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் சரியாக இருந்தும் இரைந்தால் வோல்ட் காரணமல்ல. மெயினை அணைத்து, பின்பக்க விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் இம்பெல்லர் அடைப்பு அல்லது பேரிங். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டர் பழுதாக இருக்கும். மாற்றும்போது பழையதில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் அளவைத்தான் வாங்க வேண்டும். எதுவானாலும் இரைச்சல் கேட்ட உடனே சுவிட்சை அணையுங்கள்.

அழுத்தத்தைக் குறைக்கத் தண்ணீர்ப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. பம்பின் வெளியேறும் குழாயில் ஒரு டி போட்டு, ஒரு கிளையை வால்வோடு வாய்க்காலுக்கே திருப்பி விடுங்கள். சொட்டுநீர் வரியின் தொடக்கத்தில் அழுத்தமானி 1 பார் காட்டும்வரை அந்த வால்வைத் திறங்கள். உறிஞ்சும் பக்கத்து வால்வை மட்டும் நெரிக்கவே கூடாது: பம்புக்குள் நீராவிக் குமிழ் உண்டாகி இம்பெல்லரை அரித்துவிடும். வெளியேறும் வால்வையும் முழுதாக மூடி ஓட்டினால் உள்ளே தண்ணீர் கொதித்து சீல் போகும்.

வேகத்தை உண்மையிலேயே மாற்ற வேண்டுமென்றால் வோல்ட்டையும் அலைவெண்ணையும் சேர்த்துக் குறைக்கும் இன்வெர்ட்டரும் த்ரீ பேஸ் மோட்டாரும் வேண்டும். அரை ஏக்கருக்கு அந்தச் செலவு கட்டாது.