ஜீனா ரோலண்ட்ஸ் யார்? அமெரிக்கச் சுயாதீன சினிமா என்றதும் ஏன் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால், ஸ்டூடியோ பணத்தை நம்பாமல் வீட்டை அடமானம் வைத்துப் படம் எடுத்த குடும்பத்தின் முகமான நடிகை அவர். 1930இல் விஸ்கான்சினில் பிறந்தவர், நியூயார்க்கில் நடிப்பு படித்தபோது பின்னாளில் இயக்குநரான ஜான் கசாவெட்டிஸைச் சந்தித்தார், 1954இல் கல்யாணம். கணவர் மற்ற படங்களில் நடித்துச் சம்பாதித்ததைத் தன் படங்களில் கொட்டுவார். 'ஃபேசஸ்' படத்தில் பல காட்சிகள் அவர்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்தவைதான்.

உச்சம் என்றால் 1974இல் வந்த 'எ உமன் அண்டர் தி இன்ஃபுளுயன்ஸ்'. முதலில் அது நாடகமாக எழுதப்பட்டது. தினமும் மேடையில் இந்தப் பாத்திரத்தைச் செய்தால் நான் தாங்கமாட்டேன் என்று அவர் சொன்னதால்தான் சினிமாவானது. வாங்கி வெளியிட ஆளில்லை, தாங்களே தியேட்டர்களைப் பிடித்து ஓட்டினார்கள்! மனம் குலையும் மேபல் என்ற குடும்பத்தலைவியாக அவர் கையை உதறுவதும் உதட்டைச் சுழிப்பதும் நடிப்பா நிஜமா என்று பார்ப்பவருக்கே சந்தேகம் வரும். ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை (எனக்கு இன்னும் ஆறவில்லை). 'குளோரியா' படத்துக்கும் அதே கதை. அப்புறம் 2015இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள்.

இளைஞர்களுக்கு அவரை 'தி நோட்புக்' பாட்டியாகத்தான் தெரியும், அதை இயக்கியது மகன் நிக். அதில் நினைவிழந்தவராக நடித்தவருக்கு அல்சைமர் வந்திருப்பதை மகனே 2024 ஜூனில் சொன்னார். ஆகஸ்ட் 14 அன்று, 94 வயதில் காலமானார்.