இணையம் இருக்கும்போது அச்சு நாளிதழ் பிழைக்குமா?

பிழைக்கும், ஆனால் பழைய அளவில் இருக்காது என்பதே என் எண்ணம். சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டுடே' 2017இலும் 'தி நியூ பேப்பர்' 2021 இறுதியிலும் அச்சை நிறுத்திவிட்டன. வாசகர் குறைந்ததைவிடப் பெரிய அடி, விளம்பரம் போனது. வீட்டு வாடகை, வேலை, பழைய கார் என்று வந்த வரி விளம்பரங்கள் நாளிதழின் செலவில் நல்ல பங்கைச் சுமந்தன. அவை இணையத்துக்கு இடம் மாறிவிட்டன. அதனால்தான் இங்குள்ள பெரிய நாளிதழ் நிறுவனமான எஸ்பிஎச் 2021இல் தன் ஊடகப் பிரிவை லாப நோக்கற்ற அமைப்பாகப் பிரித்தது. அப்புறம் அரசும் ஆண்டுக்கு 180 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை தர முன்வந்தது.

சரி, தமிழுக்கு என்ன நிலை? கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இன்றும் அச்சில் வருகிறது. என் அம்மா காலையில் முதலில் திருப்புவது மரண அறிவிப்புப் பக்கத்தைத்தான். தெரிந்த முகம் இருந்தால் மூக்குக்கண்ணாடியை இறக்கி, இறுதிச்சடங்கு நேரத்தை விரல் வைத்துப் படித்துவிட்டு, அக்கா தங்கைகளுக்குப் போன் போடுவார். என் மகளோ தன் பள்ளிப் படம் வந்த பக்கத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். அதே படம் இணையத்திலும் இருந்தது, அவள் அதைத் தேடவில்லை.

சுடச்சுடச் செய்தி தரும் போட்டியில் அச்சு தோற்றுவிட்டது. நம் சமூகத்தின் பிறப்பு, இறப்பு, பள்ளி, கோயில் விவரங்களைப் பதிவுசெய்யும் வேலையை அது விடாமல் செய்தால் வாங்க ஆள் இருக்கும். தேசிய நூலகம் பழைய தமிழ் முரசு இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அன்று அச்சிட்டதால்தான் இன்று அவற்றைத் தேடிப் படிக்க முடிகிறது.